படத்தில் இருக்கும் அக்கா யார்?

வணக்கம் அம்மா. நாங்கள் இருப்பது கோத்தகிரி பக்கம். அப்பாவுக்கு 62 வயது. இலங்கையில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1973-இல், பத்து வயதில், தாத்தா பாட்டியுடன் இங்கே வந்தார். ஊரில் 'சிலோன்காரங்க' என்பார்களே, அந்தக் குடும்பம். தாத்தாவுக்கு டேன்டீயில், அதாவது அரசுத் தேயிலைத் தோட்டத்தில், வேலை கிடைத்தது. அங்கே எப்படி இருந்தீர்கள் என்று கேட்டால், "கோச்சி ஏறினோம், தலைமன்னார்ல கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார். கோச்சி என்றால் அவர்கள் பேச்சில் ரயில்.

பாட்டியின் தலைத்திவசம் முடிந்து அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில், பழைய பாஸ்போர்ட்டுக்குக் கீழே மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒன்றில் லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு வாசலில், அப்பா, அரை டிராயரோடு. அவர் தோளில் கை போட்டபடி தாவணி போட்ட ஒரு பெண், அப்படியே அப்பாவின் மூக்கு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனில் எடுத்து, "யார் இந்த அக்கா?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அப்பா பார்த்தார். "எடுத்த இடத்திலேயே வை" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை, பத்து நாளாகிறது. சாப்பாடும் பாதிதான். ராத்திரி எழுந்து பெட்டி அருகே உட்கார்ந்திருக்கிறார்.

சித்தப்பாதான் ரகசியமாகச் சொன்னார். அது அவர்களுடைய மூத்த அக்காவாம். கல்யாணம் ஆகி அங்கேயே தங்கிவிட்டாராம். 1983 கலவரத்துக்குப் பிறகு கடிதம் வரவில்லையாம். நான் செய்தது தப்பா? அத்தையைத் தேடிக் கண்டுபிடித்து அப்பாவுக்கு ஆச்சரியம் தரலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள மகளுக்கு,

படத்தை எடுத்தது தப்பில்லை. அதை அப்பா கையில் கொடுக்கும் முன் குழுவில் போட்டதுதான் இடித்திருக்கிறது. ஐம்பது வருஷம் மூடி வைத்திருந்ததை மச்சான், மருமகன் எல்லாரும் பார்க்கிறபோது அவரும் பார்க்க நேர்ந்தது. முதலில் அதைக் குழுவிலிருந்து நீக்குங்கள். "உங்ககிட்ட கேக்காம போட்டது தப்புப்பா" என்று ஒரே வரி சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம்.

அவருடைய மௌனத்தைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும். இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்பதற்காக இந்தியாவும் இலங்கையும் 1964 அக்டோபரில் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டது 1974-இல். பெற்றோர் ஒரு பக்கம் விண்ணப்பிக்க, கட்டிக்கொடுத்த பெண்ணின் மாமியார் வீட்டார் மறுபக்கம் விண்ணப்பிக்க, ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு நாட்டு ஆட்கள் ஆனார்கள். உங்கள் அத்தை விஷயமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பத்து வயதுப் பையனிடம் யாரும் இதையெல்லாம் விளக்கியிருக்கமாட்டார்கள். தன்னைத் தூக்கி வளர்த்த அக்கா ஏன் கோச்சியில் ஏறவில்லை என்று அவன் யாரிடம் கேட்பான்?

அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்து, இப்படிப்பட்ட துக்கத்துக்குத் தனிப் பெயர் வைத்தார். தமிழில் 'முடிவு தெரியாத இழப்பு' என்று சொல்லலாம். இறந்துவிட்டார் என்றால் அழுது, காரியம் செய்து ஆற்றிக்கொள்ளலாம். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதவருக்கு எந்தச் சடங்கைச் செய்வது? பலர் பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் பாட்டியும் அப்படித்தான் பாஸ்போர்ட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ராத்திரி பெட்டி அருகே அவர் உட்காருவது எனக்கு நல்ல அறிகுறியாகத்தான் படுகிறது. ஆனால் தூக்கமும் சாப்பாடும் இன்னும் ஒரு வாரம் இப்படியே போனாலோ, "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி பேசினாலோ, தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பேச ஆரம்பிக்கும்போது அக்காவை விட்டுவிட்டுப் படத்தின் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். அந்த லயத்தில் எத்தனை காம்பரா (அறை), தண்ணீர் எங்கே பிடிப்பீர்கள், படம் பிடிக்க ஆளைத் தோட்டத்துக்கே வரவழைத்தீர்களா. இதற்கெல்லாம் பதில் வரும். அழுதால் அழட்டும், டீ போட எழுந்து ஓடாதீர்கள்.

தேடுவது பற்றிக் கேட்டீர்கள். ஆச்சரியம் எல்லாம் வேண்டவே வேண்டாம். அத்தைக்கு இப்போது எழுபது தாண்டியிருக்கும், உயிரோடு இல்லை என்ற செய்திகூட வரலாம். அதற்கு அப்பா தயாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். சரி என்றால் தோட்டத்தின் பெயர், அதில் எந்தப் பிரிவு (டிவிஷன்), பழைய கடித உறையில் உள்ள முகவரி மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப்பக்கமே அங்கே போய்வருகிற சொந்தக்காரர்கள் இருப்பார்கள், அவர்கள் வழியாக விசாரிக்கலாம். வேண்டாம் என்றால், இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

ஒன்று கவனித்தேன். கடிதம் முழுக்க அக்கா, அத்தை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், பெயரை எங்கேயும் காணோம். சித்தப்பாவும் சொல்லவில்லை போல. அப்பா பேச ஆரம்பித்த பிறகு, நிதானமாக அதை அவரிடம் கேளுங்கள்.