வாகனக் கேள்வி - பதில்: கியர்பொக்ஸைத் தனியாக விற்கலாமா?

கேள்வி: என்னுடைய 2006 சுபாரு இம்பிரெசா எஸ்.ரி.ஐ காரின் அடிப்பகுதியை, பனிக்காலத்தில் வீதியில் போடும் உப்பு தின்றுவிட்டது. திருத்தினால் கட்டாது, பாகம் பாகமாகக் கழற்றி விற்கப் போகிறேன். ஆறு கியர் பொக்ஸ், பின் ஆர்180 வகை டிபரென்சியல் (இரண்டு பின் சில்லுக்கும் விசையைப் பிரித்துக் கொடுப்பது; உள்ளே கஸ்கோ கம்பனியின் எல்.எஸ்.டி, ஒரு சில்லு மட்டும் சும்மா சுழலாமல் தடுப்பது), எக்சிடி கம்பனியின் கிளட்ச் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. குளிரில் மட்டும் மூன்றாம் கியர் விழும்போது கொஞ்சம் உராயும் சத்தம் வரும். தனித்தனியாக விற்றால் கூடக் காசு வரும் என்கிறார் நண்பர். அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டுமா?
(வாசகர், ஸ்காபரோ, கனடா)

பதில்: தம்பி, கார் இன்னும் ஓடுகிறது என்றால் ஒரு போல்ற்றையும் இப்போது கழற்ற வேண்டாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வீதிக்கு எடுத்து, எல்லாக் கியரும் மாற்றி ஒரு வீடியோ எடுங்கள். மூன்றாம் கியரின் சத்தமும் அதில் கேட்கட்டும். ஓடோமீற்றரையும் வி.ஐ.என் இலக்கத்தையும் (காரின் அடையாள எண்) படம் பிடியுங்கள். நிலத்தில் கிடக்கும் கியர்பொக்ஸ் ஓடும் என்று யாருக்கும் நிரூபிக்க முடியாது.

மூன்றாம் கியரைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். அது பெரும்பாலும் சிங்க்ரோ (கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) தேய்மானம். வாங்குகிற பிள்ளை பொக்ஸைப் பூட்டிய பிறகு அதைக் கண்டுபிடித்தால், இறக்கி ஏற்றுவதற்கே அவருக்கு இரண்டு நாள் போகும். முன்கூட்டியே தெரிந்தால் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்பார், பொக்ஸ் வெளியில் இருக்கும்போதே சிங்க்ரோவை மாற்றிக்கொள்வார்.

அடுத்தது நண்பரின் யோசனை. இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. உங்கள் காரில் முன்னும் பின்னும் 3.90 விகிதம், அதாவது சில்லு ஒரு முறை சுற்ற உள்ளே தண்டு 3.90 முறை சுற்றும். 2005 வரை வந்த டபிள்யூ.ஆர்.எக்ஸ் (எஸ்.ரி.ஐக்குக் கீழான இம்பிரெசா வகை) ஐந்து கியர் காரில் முன்பக்கம் 3.90 என்றாலும் பின் டிபரென்சியல் 3.54தான். அதன் கியர்பொக்ஸுக்குள்ளேயே பின்பக்கத்துக்கு 1.1 என்று இன்னொரு விகிதம் இருக்கிறது, இரண்டையும் பெருக்கினால் 3.90 வரும். ஜப்பானிலிருந்து இறங்கும் ஆறு கியர் பொக்ஸ்கள் சிலவும் இந்த 1.1 வகைதான். கனடாவில் 15 வயது தாண்டிய கார்களை இறக்கலாம் என்பதால் இரண்டு வகையும் இங்கே கலந்து கிடக்கின்றன.

இப்போது உங்கள் 3.90 டிபரென்சியலை ஒருவர் விலை மலிவு என்று வாங்கி, 1.1 பொக்ஸுக்குப் பின்னால் பூட்டினால் பின்பக்கம் 4.29 ஆகிவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் பத்து வீத வித்தியாசம். நேர் வீதியில் போனாலும், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் நடு டிபரென்சியல் ஓயாமல் சுழன்று சூடேறும், கடைசியில் எரிந்து போகும். எத்தனையோ நல்ல பொக்ஸ்கள் இப்படித்தான் வீணாகின்றன. பார்க்கவே மனம் பொறுக்காது.

ஆகவே பொக்ஸ், பின் டிபரென்சியல், பின் அக்ஸில்கள், ஹப்கள் (சில்லு பூட்டும் பகுதி), நடு டிபரென்சியலின் கொன்ட்ரோலர், அதன் சுவிட்ச் எல்லாவற்றையும் ஒரே செற்றாகக் கொடுங்கள். டபிள்யூ.ஆர்.எக்ஸில் இருப்பது சிறிய ஆர்160 டிபரென்சியல், அதன் அக்ஸில் இதற்குப் பொருந்தாது. ஹப்பும் அப்படித்தான்: 2005 முதல் எஸ்.ரி.ஐக்கு 5x114.3 (ஐந்து போல்ற், 114.3 மி.மீ வட்டத்தில்), அந்தக் காலத்து டபிள்யூ.ஆர்.எக்ஸுக்கு 5x100. வாங்குபவர் வீலும் மாற்ற வேண்டிவரும் என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். பெல் ஹவுசிங்கில் (பொக்ஸின் முன்னால் கிளட்சை மூடும் கூடு) ஒட்டியிருக்கும் ரி.வை.856 என்று தொடங்கும் குறியீட்டைத் தெளிவாகப் படம் எடுத்துப் போடுங்கள். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கஸ்கோ எல்.எஸ்.டிக்கு ஒரு சோதனை இருக்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ற்றை (பொக்ஸிலிருந்து பின்னுக்குப் போகும் தண்டு) கழற்றிவிட்டு, ஒரு பின் சில்லை நிலத்தில் விட்டு மற்றதைத் தூக்குங்கள். தூக்கிய பக்கத்து ஹப்பை ரோர்க் ரெஞ்சால் (திருப்பும் விசையை அளக்கும் சாவி) திருப்பி, எந்த அளவில் அசைகிறது என்று பாருங்கள். கஸ்கோ கொடுத்த அளவை விட மிகக் குறைவாக வந்தால் உள்ளேயிருக்கும் உராய்வுத் தட்டுகள் தேய்ந்துவிட்டன. பயப்பட வேண்டாம், தட்டு மாற்றலாம். ஆனால் புதுசு மாதிரி விலை சொல்லக்கூடாது.

விலையா? மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், உண்மையில் விற்றுப்போன விலையை விசாரியுங்கள்.

ஒயிலை வடிக்கும்போது வடிகால் போல்ற்றின் காந்தத்தைத் துடைக்காமல் படம் எடுங்கள். மை மாதிரி மென்மையான தூள் இருந்தால் பரவாயில்லை. கியர்ப் பல்லின் துண்டு கிடந்தால் அந்தப் பொக்ஸை உதிரிப்பாகமாக மட்டும் விற்க வேண்டும். ஓட்டைகளை மூடி, மரப் பலட்டில் பட்டி போட்டு இறுக்குங்கள். ஒயில் ஒழுகினால் லொறிக்காரர் ஏற்றமாட்டார்.

கேள்வி: பழைய கிளட்ச் தட்டை விற்கலாமா?
(வாசகி, மார்க்கம்)

பதில்: வேண்டாம் தங்கச்சி. அது ஏற்கெனவே ஒரு ஃபிளைவீலோடு (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) உராய்ந்து பழகியது, இன்னொன்றில் பூட்டினால் அதிரும், வழுக்கும். ஃபிளைவீலில் வெடிப்பு இல்லையென்றால் அதை விற்கலாம். வாங்குபவரிடம் அதன் உராயும் முகத்தைக் கடைந்து சமப்படுத்தியபின் பூட்டச் சொல்லுங்கள்.