தண்டனை முடிந்து வெளியே வந்தவருக்கு வேலை கிடைக்குமா? விண்ணப்பத்தில் வழக்கைச் சொல்ல வேண்டுமா?

கிடைக்கும். எந்த வேலை என்பதுதான் கேள்வி.

படிவத்தில் வழக்கு பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். அரசு வேலையில் பலர் மாட்டுவது பழைய வழக்கால் அல்ல, ‘இல்லை’ என்று எழுதியதால். அவ்தார் சிங் வழக்கில் (2016) உச்ச நீதிமன்றம் சொன்னது இது: மறைத்ததையே காரணமாக்கி வேலையிலிருந்து நீக்கலாம், சிறு குற்றமாக இருந்தால் மன்னிக்கவும் செய்யலாம். உண்மையைச் சொன்னாலும் வேலை உறுதியில்லை, முடிவு நியமிப்பவர் கையில். கேட்காததை நீங்களாக எழுதத் தேவையில்லை.

1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 3 அல்லது 4-வது பிரிவில், அதாவது தண்டனை தராமல் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கப்பட்டவரா? அதே சட்டத்தின் 12-வது பிரிவைப் படியுங்கள். தண்டிக்கப்பட்டதால் வரும் சட்டத் தகுதியிழப்பு உங்களுக்குப் பொருந்தாது. வக்கீல்களே இதை மறந்துவிடுவதுண்டு.

முதலில் தீர்ப்பின் சான்றிட்ட நகலை நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாங்குங்கள். விடுதலையான வழக்குகூடக் காவல் நிலையப் பதிவேட்டில் ‘நிலுவை’ என்றே கிடக்கலாம். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று அங்கேதான் கெடும். பதிவைத் திருத்தச் சொல்லி, நகலோடு காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிறையில் தையல், பேக்கரி, தச்சு கற்றிருந்தால் அதற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

காவலாளி வேலைக்கு அலையாதீர்கள், அதற்குக் காவல்துறைச் சரிபார்ப்பு கட்டாயம். பட்டறை, கட்டட வேலை, சமையல் குழு போன்ற இடங்களில் காகிதத்தைவிடத் தெரிந்தவர் ஒருவரின் சொல்தான் எடுபடும். சொந்தத் தொழில் என்றால் மாவட்ட நன்னடத்தை அலுவலரைப் பாருங்கள். விடுதலையானோர் உதவிச் சங்கம் வழியாகச் சிறு உதவி கிடைக்க வாய்ப்புண்டு.