புள்ளியியல் சந்தேகம் கேட்கும்போது தரவில் பெயரை நீக்கினால் போதுமா?

போதாது. அடையாளம் நீக்குதல் என்பது பெயரை அழிப்பது மட்டுமல்ல. மிச்சமுள்ள விவரங்களைச் சேர்த்துப் பார்த்தாலும் இன்னார் என்று தெரியாதபடி செய்வது.

போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு டீக்கடையில், "பதினைந்து ஏக்கர் மாந்தோப்பு, வயது 71, கணவரை இழந்தவர்" என்று சொல்லிப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் வீட்டுக்கு வழி சொல்லிவிடுவார்கள். தனித்தனியே சாதாரண விவரங்கள். ஒன்றுசேர்ந்தால் ஒரே ஆள். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரைத் தனித்துக் காட்டிவிடலாம் என்று 2000-இல் கணினி அறிவியலாளர் லடான்யா ஸ்வீனி கணக்கிட்டார்.

ஆகவே மா விவசாயிகளிடம் எடுத்த கணக்கெடுப்பைக் காட்டி உதவி கேட்பதானால், 71-ஐ "70-க்கு மேல்" ஆக்குங்கள். ஊர்ப் பெயருக்குப் பதில் வட்டத்தின் (தாலுகா) பெயரைப் போடுங்கள். கடன் தொகை கேள்விக்குத் தேவையில்லை என்றால் அட்டவணையில் அந்த நெடுவரிசையையே எடுத்துவிடுங்கள். (என்னிடம் வரும் தாள்கள் சிலவற்றில் கைப்பேசி எண்கூட இருக்கும்!)

எல்லாவற்றையும் மறைப்பதே பாதுகாப்பு என்று எண்ணி, எத்தனை பேரிடம் கேட்டோம், மகசூலைக் கிலோவில் அளந்தோமா கூடையிலா என்பதையும் சிலர் மறைக்கிறார்கள்; அவை யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை, அவை இல்லாமல் பதில் சொல்லவும் முடியாது.