ஓராண்டுத் தோட்டக்கலைப் பட்டயம் எதற்குப் பயன்படும்?

கேள்வி: திருவட்டாறு பக்கத்தில் வசிக்கிறேன். பிளஸ் டூ முடித்து 8 ஆண்டுகள் ஆகின்றன. திருமணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் தோட்டக்கலையில் ஓராண்டுப் பட்டயம் நடத்துகிறார்கள். வீட்டை ஒட்டி 40 சென்ட் விளை உண்டு. அதில் நின்ற பழைய ரப்பரை வெட்டிவிட்டோம். இதைப் படித்தால் அரசு வேலை கிடைக்குமா? இல்லையென்றால் நாற்றுப்பண்ணை வைக்க இந்தப் படிப்பு போதுமா?

பதில்: அரசு வேலை பற்றிய எண்ணத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. உதவித் தோட்டக்கலை அலுவலர் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் கேட்பது, பிளஸ் டூவுக்குப் பின் படித்த இரண்டாண்டுத் தோட்டக்கலைப் பட்டயம். தோட்டக்கலை அலுவலர் பணிக்கோ அதில் இளநிலைப் பட்டமே வேண்டும். ஓராண்டுப் பட்டயத்தை வைத்து இந்தப் பணிகளுக்கு விண்ணப்பிக்க இயலாது. சேர்க்கையின்போது யாரேனும் வேறுவிதமாகச் சொன்னால், தேர்வாணையத்தின் அறிவிக்கையைக் காட்டும்படி தயங்காமல் கேளுங்கள்.

நாற்றுப்பண்ணை வைப்பதற்கு இந்தப் படிப்பு உதவும். ஆனால் எந்த அளவுக்கு உதவும் என்பதை அக்கல்லூரியின் செய்முறைப் பயிற்சியே முடிவுசெய்யும். பல்கலைக்கழக மானியக் குழுவின் சமுதாயக் கல்லூரித் திட்டத்தில் ஆறு மாதச் சான்றிதழுக்கு 30 மதிப்பலகுகளும் (கிரெடிட்) ஓராண்டுப் பட்டயத்துக்கு 60 மதிப்பலகுகளும் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றில் 60 சதவீதம் தொழிற்பயிற்சியாக இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் கல்லூரி அத்திட்டத்தில் வருகிறதா, பட்டயத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது என்பதை எழுத்துமூலம் கேட்டறியுங்கள். அதைவிட முக்கியம், ஒரு நாள் நேரில் சென்று பயிற்சித் தோட்டத்தைப் பார்ப்பது. ஒரு மாணவர் ஓராண்டில் தம் கையால் எத்தனை ஒட்டுக் கட்டுகிறார் என்று கேளுங்கள். பத்து, பதினைந்து என்று பதில் வந்தால் சேர அவசரப்பட வேண்டாம். நூற்றுக்கணக்கில் கட்டிப் பலவற்றைக் கெடுத்த பிறகே கத்தி கைக்குப் பழகும்.

நம் குமரி மாவட்டத்துக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டாக ஜாதிக்காயை எடுத்துக்கொள்வோம். இதில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. விதையிலிருந்து வளர்த்த கன்று எந்தப் பால் என்பது, அது ஆறேழு ஆண்டுகள் வளர்ந்து பூத்த பிறகுதான் தெரியும். நானே இளவயதில் ஒரு நாற்றுக்காரர் பேச்சை நம்பி ஐந்து விதைக்கன்றுகள் நட்டு, ஏழாம் ஆண்டில் அவற்றில் மூன்று ஆண் என்று கண்டவன். காய்க்கும் பெண் மரத்திலிருந்து கொப்பெடுத்து ஒட்டுக் கட்டினால் இந்த ஏமாற்றம் இல்லை. ஆனாலும் எந்தக் கொப்பு என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: மேல்நோக்கி வளரும் நேர்க்கொப்பை ஒட்டினால் கன்று நிமிர்ந்து மரமாகும்; பக்கக்கொப்பை ஒட்டினால் அது செடிபோலப் பரந்து படரும். ஒரு மரத்தில் நேர்க்கொப்புகள் சிலவே கிடைக்கும் என்பதால் பலர் பக்கக்கொப்பிலேயே ஒட்டி, வாங்குபவரிடம் அதைச் சொல்லாமல் விற்றுவிடுகிறார்கள். நீங்கள் இரண்டையும் தனித்தனியாக அடுக்கி, இன்னது இதுவென்று சொல்லி விற்றால், வாங்கியவரே அடுத்தவரை அழைத்து வருவார். தாய் மரத்தைத் தேர்வதும் கொப்பைப் பிரித்தறிவதும் புத்தகத்தில் வராது. மரத்தடியில் நின்று காட்டும் ஆசிரியர் அக்கல்லூரியில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

கல்லூரியில் குறைவுபடுவதை ஈடுசெய்ய உங்களுக்கு அருகிலேயே வழி இருக்கிறது. பேச்சிப்பாறையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. குறுகிய காலப் பயிற்சிகள் எப்போது நடக்கின்றன என்று வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து வையுங்கள்.

நாற்றுகளை விற்க விதை உரிமம் பெற வேண்டும். அதற்கு மாவட்ட விதை ஆய்வுத் துறையை அணுகுங்கள். 40 சென்டையும் நாற்றுக்கென ஒதுக்கத் தேவையில்லை. தொடக்கத்துக்கு ஐந்து சென்டும் ஒரு நிழல்வலையும் போதும். மீதியில் மட்டி, செந்துளுவன் வாழைகளை நட்டால் குலையும் கிடைக்கும், விற்க ஈட்டிக்கன்றும் (ஈட்டி போன்ற குறுகிய இலையுள்ள பக்கக்கன்று) கிடைக்கும். இலைகள் சிறுத்து உச்சியில் கொத்தாகத் திரளும் முடிக்கொத்து நோய் கண்ட வாழை மூட்டிலிருந்து மட்டும் ஒரு கன்றையும் எடுத்துவிடாதீர்கள்; அதை வேரோடு அழிப்பதே முறை.

கல்லூரி தொடங்கும் வரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. நன்றாகக் காய்க்கும் மிளகுக் கொடியின் அடியிலிருந்து தரையில் ஓடும் கொடிகளை, மண்ணில் வேர்விடாதபடி ஒரு கம்பில் சுற்றிக் கட்டி வையுங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அவற்றை இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக வெட்டி, நுனியின் இளம்பகுதியை ஒதுக்கிவிட்டு, மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்த பாலித்தீன் பைகளில் ஊன்றி நிழலில் வைத்தால், ஜூன் மழைக்குக் கன்றுகள் விற்பனைக்குத் தயாராகிவிடும்.