வாசகர் கேள்வி – பதில்: புதிய நாட்டில் தொலைபேசியும் இணையமும்

கேள்வி: வேலை நிமித்தமாக அடுத்த மாதம் குடும்பத்துடன் வெளிநாட்டில் குடியேறவிருக்கிறோம். போய் இறங்கியவுடனேயே கைப்பேசி, வீட்டு இணையம் இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டால் நல்ல தள்ளுபடி கிடைக்கும் என்கிறார் அங்கே வசிக்கும் நண்பர். அப்படிச் செய்யலாமா? இப்போதுள்ள எண்ணை ரத்து செய்துவிடலாமா?

பதில்: உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றில் தவறு நேர்ந்தால் சிறிது பணம் வீணாகும். இதில் தவறினால் உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாமல் போகும். பழைய எண்ணை ரத்து செய்யாதீர்கள். வங்கி, வரி, காப்பீடு, மின்னஞ்சல் என எல்லாமே ஓடிபி அனுப்புவது அந்த எண்ணுக்குத்தான். ரத்தான எண்ணைச் சில காலம் ஒதுக்கி வைத்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது தொலைபேசி நிறுவனங்களின் வழக்கம் என்பதால், உங்கள் ஓடிபி பிறகு முன்பின் தெரியாத ஒருவரின் கைப்பேசியில் போய் விழக்கூடும்.

எண்ணைக் காலாவதியாகாமல் காக்கும் மிகக் குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். ரோமிங் வசதியைப் புறப்படுவதற்கு முன்பே இயக்கி வையுங்கள், ஏனெனில் சில நிறுவனங்களில் அயல்நாட்டில் இருந்துகொண்டு அதைத் தொடங்க முடிவதில்லை. ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இருக்காது, ஆனால் வரும் அழைப்பை எடுத்தால் இருக்கலாம். டேட்டா ரோமிங்கை மட்டும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பைப் பழைய எண்ணிலேயே தொடரலாம். கைப்பேசியை மாற்றும் நாளில் சரிபார்ப்புக் குறியீடு அந்த எண்ணுக்கே வரும் என்பதால், அதற்காகவும் சிம் உயிரோடு இருக்க வேண்டும்.

இனி நண்பரின் யோசனைக்கு வருகிறேன். தள்ளுபடி உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கையெழுத்திடும் நாள்தான் தவறு. முதல் மாதம் தங்கும் வீட்டிலேயே நீங்கள் நிலைத்திருப்பீர்கள் என்பதற்கு உறுதியில்லை. நகரம் முழுவதும் சிக்னல் கிடைக்கும் நிறுவனம், தடித்த கான்கிரீட் சுவர்களுக்குள் இருக்கும் உங்கள் படுக்கையறையில் கைவிட்டுவிடலாம். இடையில் விலகினால் எஞ்சிய மாதங்களுக்கான தொகையையோ அதில் ஒரு பங்கையோ கேட்பார்கள். போதாக்குறைக்கு, அந்நாட்டில் கடன் வரலாறு இல்லாத புதியவரிடம் போஸ்ட்பெய்டு இணைப்புக்கு முன்வைப்புத் தொகை கேட்பதும் உண்டு.

ஆகவே முதலில் ஒரு பிரீபெய்டு சிம் வாங்குங்கள். பயணிகளுக்கென விற்கப்படும் இ-சிம்கள் (அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதியும் சிம்) பலவற்றில் டேட்டா மட்டுமே இருக்கும், உள்ளூர் எண் இருக்காது. இறங்கிய முதல் சில நாட்களுக்கு அது போதும். ஆனால் வங்கிக் கணக்கு தொடங்கவும், வீட்டு உரிமையாளரும் அலுவலகமும் உங்களைத் தொடர்புகொள்ளவும் உள்ளூர் எண் வேண்டும். பல நாடுகளில் கடவுச்சீட்டைக் காட்டித்தான் சிம் வாங்க முடியும். எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதியும் பல நாடுகளில் இருப்பதால், இந்த முதல் எண்ணையே பிற்பாடு நல்ல திட்டத்துக்குக் கொண்டுபோகலாம்.

வீட்டு இணையத்தில் எந்த நிறுவனம் என்று கேட்பதற்கு முன், அந்தக் கட்டடத்துக்குள் எந்தக் கம்பி வருகிறது என்று கேளுங்கள். வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்பது இன்னும் நல்லது. ஃபைபர் (ஒளியிழைக் கம்பி) வந்தால் வேறெதையும் தேட வேண்டியதில்லை. பழைய தொலைபேசிக் கம்பி மட்டுமே இருந்தால், தொலைபேசி இணைப்பகத்திலிருந்து (எக்ஸ்சேஞ்ச்) தொலைவு கூடக்கூட வேகம் குறையும். கம்பியே வராத இடத்தில் செயற்கைக்கோள் இணையம் உண்டு; ஆனால் பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், அதன் வழியே பேசினால் மறுமொழி வர அரை நொடிக்கு மேலாகும். வேறு வழியில்லாத இடத்துக்குத்தான் அது.

ஒரே நிறுவனத்தில் இரண்டையும் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு: ஒன்றை விட்டால் மற்றொன்றின் தள்ளுபடியும் போய்விடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் சில மாதங்களின் கட்டணம் மட்டுமே. சலுகைக்குப் பிந்தைய கட்டணம், நிறுவும் செலவு, ரவுட்டர் வாடகை எல்லாவற்றையும் கூட்டி ஒப்பந்த மாதங்களால் வகுத்துப் பாருங்கள்; இரண்டு திட்டங்களை ஒப்பிட அந்த ஓர் எண்தான் உதவும்.

கேள்வி: கையில் இருக்கும் கைப்பேசியையே கொண்டுபோனால் அங்கே வேலை செய்யுமா?

பதில்: தவணையில் வாங்கியதென்றால் பூட்டு நீக்கப்பட்டுவிட்டதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், பூட்டிய கைப்பேசி வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காது. அடுத்ததாக, 3ஜி சேவையை நிறுத்திவிட்ட நாடுகளில் அழைப்புகள் பெரும்பாலும் வோல்ட்இ முறையில்தான், அதாவது 4ஜி வலையமைப்பின் வழியேதான் செல்கின்றன. உங்கள் கைப்பேசியின் மாடலை அங்குள்ள நிறுவனம் அம்முறையில் ஏற்காவிட்டால், இணையம் ஓடும், அழைப்பு மட்டும் போகாது. *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (கைப்பேசியின் அடையாள எண்) கொடுத்தால், பல நிறுவனங்கள் பொருந்துமா என்று சொல்லிவிடும். அமெரிக்காவில் விற்கப்படும் ஐஃபோன்களில் 2022-இல் வந்த 14 வரிசையிலிருந்து சிம் பொருத்தும் இடமே கிடையாது, இ-சிம் மட்டுமே என்பதையும், அங்கிருந்து யாராவது வாங்கி வருவதாகச் சொன்னால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் இணைப்பு நான்கு பேருக்குப் போதுமா? விற்பனையாளர் 1,000 எடுக்கச் சொல்கிறார்.

பதில்: போதும். 4கே காணொளி ஒன்றுக்கு 25 எம்பிபிஎஸ் தாராளம். அந்த 100 என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், கோப்பு இறங்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 12 மெகாபைட்தான் காட்டும், அதைக் கண்டு ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது பதிவேற்ற (அப்லோட்) வேகம் எவ்வளவு என்பதுதான். வீட்டிலிருந்து அலுவலகக் காணொளிக் கூட்டத்தில் பேசுபவரின் முகம் உறைந்து நிற்பதற்குப் பல சமயம் அந்த வேகம் குறைவாக இருப்பதே காரணம். வீட்டின் கடைசி அறையில் மட்டும் வேகம் விழுந்தால், 1,000 எடுத்தாலும் விழும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை சுவர்களைத் தாண்டுவதில் பலவீனமானது, எனவே ரவுட்டரை வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், சற்று உயரமாக வைத்துப் பாருங்கள்.