நிழற்குடையை எம்.பி. தந்தாரா?

கேள்வி: எங்கள் ஊர் பஸ் நிழற்குடையில் எம்.பி. பெயர் பளபளக்கிறது, கூரை ஒழுகுகிறது. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதியாக வரும் ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாயை அவர் இஷ்டத்துக்குச் செலவழிக்கலாமா? – ஒரு வாசகர்

பதில்: அந்த ஐந்து கோடியில் ஒரு ரூபாய்கூட எம்.பி. கைக்கு வராது. இன்ன இடத்தில் இன்ன வேலை என்று பரிந்துரைப்பதோடு அவர் அதிகாரம் முடிந்தது. நிலம் யாருடையது, விதி இடம் தருகிறதா என்று பார்த்து நிர்வாக அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம். கட்டுவது ஊராட்சி ஒன்றிய அலுவலகமோ பொதுப்பணித் துறையோ. ஆகவே ஒழுகும் கூரைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர், எம்-புக்கில் (முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) அளவு எழுதி பில் பாஸ் பண்ணிய பொறியாளர்.

பெயர் பொறித்தது தவறில்லை, விதியே அதைக் கேட்கிறது. கூடவே செலவுத் தொகையையும், வேலை தொடங்கிய, முடிந்த தேதிகளையும் பொறிக்கச் சொல்கிறது. பெயர் மட்டும் பெரிதாக இருந்து தொகையைக் காணோம் என்றால் சந்தேகப்படுங்கள்.

ஏன் எங்கு பார்த்தாலும் நிழற்குடை? தமிழ்நாட்டில் மக்களவைத் தொகுதி ஒவ்வொன்றிலும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஐந்து கோடியைப் பிரித்தால் சட்டமன்றத் தொகுதிக்கு சுமார் 83 லட்சம். அதில் பாதாளச் சாக்கடை போட முடியாது. போட்டாலும் மண்ணுக்கடியில் யார் பெயரைப் படிப்பார்கள்? பராமரிப்பு இன்னொரு ஓட்டை. கட்டிடத்தை ஏற்கும் அமைப்பு, 'பராமரிப்பு எங்கள் பொறுப்பு' என்று முன்கூட்டியே உறுதி தர வேண்டும். அதை வெறும் சம்பிரதாயக் கையெழுத்தாக்கிய இடங்களில்தான் உடற்பயிற்சிக் கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன.

பிலிப்பைன்ஸில் கீழவை உறுப்பினருக்கு 7 கோடி பெசோ, செனட்டருக்கு 20 கோடி என்று இதே மாதிரி நிதி இருந்தது. போலித் தொண்டு நிறுவனங்கள் வழியாக அது கரைந்தது அம்பலமானதும், பட்ஜெட் நிறைவேறிய பிறகு உறுப்பினர்கள் செலவில் தலையிடக்கூடாது என்று 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த நிதியை ரத்து செய்தது. நம் உச்ச நீதிமன்றமோ 2010-இல் எம்.பி. நிதி செல்லும் என்றது. எம்.பி. பரிந்துரைக்க மட்டுமே செய்கிறார், சரிபார்க்க அதிகாரிகள் இருக்கிறார்கள் என்பது அதில் முக்கியமான காரணம். கலெக்டர் அலுவலகம் 'முடியாது' என்று எழுதத் துணிந்தால்தான் அந்தக் காரணத்துக்கு உயிர்.

10 ரூபாய் கட்டணத்தோடு கலெக்டர் அலுவலகத்துக்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்டம்) மனு போடுங்கள். பரிந்துரைக் கடிதம், அனுமதி ஆணை, மதிப்பீடு, எம்-புக் பக்கங்கள், பராமரிப்பு உறுதிக் கடிதம் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். கடைசி வரியாக, கடந்த மூன்று ஆண்டுகளில் நிராகரிக்கப்பட்ட பரிந்துரைகளின் பட்டியலையும் கேளுங்கள்.