பாலைவனத்துச் சிறு விமானநிலையங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாலைவன ஊர் ஒன்றுக்கு மதிய விமானத்தில் போனேன். நான் போய்ச் சேர்ந்தேன், என் பெட்டி வரவில்லை. "வெயில் அதிகம், எடை கூடிவிட்டது, நாளைக்கு வரும்" என்றார்கள். வெயிலுக்கும் என் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? சும்மா சாக்கு சொல்கிறார்களா?

சாக்கு இல்லை, நிஜமாகவே வெயில்தான். காற்று சூடானால் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் இறக்கைக்குத் தூக்கு விசை குறைகிறது, புரொப்பல்லருக்குப் பிடிமானம் குறைகிறது, எஞ்சினின் சக்தியும் குறைகிறது, மூன்றும் ஒரே நேரத்தில். கடல் மட்டத்திலிருந்து 2,000 அடி உயரத்தில் உள்ள ஓடுதளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 45 டிகிரி வெயில் அடித்தால், விமானத்தைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய 6,000 அடி உயரத்து மலை ஊர். மேலே எழும்ப இன்னும் நீளமாக ஓட வேண்டும், ஆனால் ஓடுதளம் நேற்று இருந்த நீளம்தானே இருக்கும்? அப்போது எடையைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எரிபொருளை ஓர் அளவுக்கு மேல் குறைக்க முடியாது, ஏனென்றால் பாலைவனத்தில் அடுத்த விமானநிலையம் வெகு தூரத்தில் இருக்கும், அதுவரை போகத் தேவையானதையும் சேர்த்துத்தான் நிரப்ப வேண்டும். மிச்சம் இருப்பது பெட்டியும் ஆளும். நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள் அல்லவா, அதுவே அதிர்ஷ்டம்தான்.

இதற்கும் மேலே ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு விமான மாடலுக்கும் இத்தனை டிகிரிக்கு மேல் கிளம்பக் கூடாது என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 2017 ஜூனில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் உள்ள ஃபீனிக்ஸில் வெயில் 48 டிகிரியைத் தாண்டியபோது, பாம்பார்டியர் சிஆர்ஜே என்ற சின்ன ஜெட்கள் தரையிலேயே நின்றன. வரம்பு அதிகம் உள்ள பெரிய போயிங், ஏர்பஸ் விமானங்கள் அதே ஓடுதளத்திலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தன.

எனக்கும் ஒருமுறை உங்கள் கதிதான், ஆனால் நான் செய்த முட்டாள்தனம் பெரிது, ரத்த அழுத்த மாத்திரையைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அன்று இரவு அந்தச் சின்ன ஊரில் மருந்துக்கடை தேடி அலைந்தது தனிக்கதை. மாத்திரை, சார்ஜர், ஒரு மாற்றுத் துணி, மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். கைப்பையும் சின்னதாக இருக்கட்டும், இந்த விமானங்களில் தலைக்கு மேல் உள்ள பெட்டகம் குறுகலானது.

கேள்வி: காலை ஆறு மணி விமானம், மதியம் இரண்டு மணி விமானம், இரண்டும் ஒரே விலை. குழந்தையோடு போகிறோம். ஆறு மணிக்குக் கிளம்புவது கொடுமையாக இருக்காதா?

எழுப்புவது கொடுமைதான், மதியம் போவது அதைவிடக் கொடுமை. பத்து பதினோரு மணிக்கு மேல் மணல் சூடாகி, சூடான காற்று தூண் தூணாக மேலே எழும்பும். சின்ன விமானம் அதன் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும், கடைசி பத்து நிமிடம் குலுக்கி எடுத்துவிடும். வாந்தி வருவதும் பெரும்பாலும் அப்போதுதான். பயப்பட ஒன்றும் இல்லை, பெல்ட்டை மட்டும் கழற்ற வேண்டாம். லடாக் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும், அதுவும் பாலைவனம்தான், குளிர்ப் பாலைவனம். லே விமானநிலையம் 10,000 அடிக்கு மேலே இருப்பதாலும் மதியத்துக்கு மேல் காற்று வலுப்பதாலும் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடும். இன்னொரு லாபமும் உண்டு. புழுதி கிளம்பி காலை விமானம் தள்ளிப்போனாலும் அன்றைய பொழுது மிச்சம் இருக்கும்.

கேள்வி: ஏறும்போது பார்த்தேன், வலது பக்கம் எஞ்சின் சத்தம் கேட்கிறது, ஆனால் விசிறி சுற்றவே இல்லை. கோளாறா?

அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள். நீங்கள் ஏறியது அநேகமாக ஏடிஆர் என்ற புரொப்பல்லர் விமானம். பெரிய விமானங்களின் வாலில், தரையில் நிற்கும்போது மின்சாரமும் ஏசியும் தர ஒரு குட்டி எஞ்சின் இருக்கும், ஏடிஆரில் அது கிடையாது. அதனால் வலது எஞ்சினை ஓடவிட்டு புரொப்பல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிடுவார்கள். இதற்கு விமானிகள் வைத்திருக்கும் பெயர் 'ஹோட்டல் மோடு'. பயணிகள் ஏறுவது இடது பக்கப் பின்கதவு வழியாக என்பதால் எஞ்சின் பக்கம் யாரும் போக மாட்டார்கள். கடைசி வரிசையில் சீட் கிடைத்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், முதலில் இறங்குவது நீங்கள்தான்.

கேள்வி: பெரிய நகரத்தில் இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த விமானம். இரண்டும் தனித்தனி டிக்கெட். போதுமா?

போதாது. ஒரே டிக்கெட் என்றால் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனி என்றால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனது போனதுதான். பாலைவன ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம் என்றால் முந்தின நாளே வந்து தங்கிவிடுங்கள், ஓட்டல் செலவு டிக்கெட்டைவிடக் குறைவாகத்தான் வரும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இறங்கியபோது பெரிய பெரிய விமானங்கள் வரிசையாகச் சும்மா நின்றன. ஏன்?

இப்போதைக்குத் தேவைப்படாத விமானங்களை அங்கே நிறுத்திவைக்கிறார்கள். ஈரம் இல்லாத காற்றில் உலோகம் சீக்கிரம் அரிக்காது, இடத்துக்கும் பஞ்சமில்லை. 2020-இல் கொரோனா வந்தபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் ஏ380 என்ற இரட்டை மாடி ராட்சத விமானங்களைக்கூட அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

கேள்வி: இறங்கியதும் டாக்ஸி கிடைக்குமா?

முன்கூட்டியே சொல்லி வைத்தால் கிடைக்கும். விமானம் போனதும் விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுப் போகும் விமானநிலையங்கள் இருக்கின்றன, வெளியே நிழல்கூட இருக்காது. டிரைவரின் எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டிலைப் பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் நிரப்பிக்கொள்ளுங்கள். அப்புறம், ஓடுதளத்தை விமானப்படையோடு பகிர்ந்துகொள்ளும் இடமாக இருந்தால் (ஜெய்சல்மேர் அப்படித்தான்) படிக்கட்டில் நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம். ஊருக்குள் போய் எடுத்துக்கொள்ளலாம்.